ஓரத்தில் அச்சான உண்மைகள்

பெருமதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

கல்லூரி வாசலை மிதிக்காதவனாயினும், அறுபது வயதுக்குமேல் கணினியைச் சொந்த முயற்சியால் வென்றவன் என்று கர்வம் கொண்டிருந்தேன். அக்கர்வம் என் மகளின் நிச்சயதார்த்தத்தையே கவிழ்க்கப் பார்த்தது.

அழைப்பிதழை நானே தட்டச்சு செய்தேன். வீட்டு அச்சுப்பொறி ஒத்துழைக்கவில்லை. முதல் நாள் என் பெயர் மட்டும் தனியே இரண்டாம் பக்கத்துக்குக் குடிபெயர்ந்தது. மறுநாள் தாளின் அளவை மாற்றினேன்; மணமகன் பாதியோடு நின்றார். மூன்றாம் நாள் சுற்றிலும் பூக்கரை போட்டு அனைவரையும் ஒரே பக்கத்தில் அடக்கினேன். (என்னைத்தான் அடக்க ஆளில்லை.)

துறைமுகத்தில் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் நான் எழுத்தராக இருந்தவன். வரைவின் ஓரத்தில் பென்சிலால் குறிப்பெழுதிப் பிறகு அழிப்பது அங்கே வழக்கம். கணினியிலும் ‘கமெண்ட்’ என்றோர் ஓரம் இருக்கக் கண்டேன். பெயர் வரிசை பிசகினால் உறவில் போர் மூளுமாதலால், ஒவ்வொருவர் பெயருக்கு நேராகவும் மனத்தில் பட்டதை எழுதி, வரிசையை முடிவு செய்து, குறிப்புகளைத் திரையிலிருந்து மறைத்தேன். மறைத்தால் அழிந்ததாகவே நம்பினேன்.

நல்ல தாளில் அச்சிட ஜெராக்ஸ் கடைக்குச் சென்றேன். கடைக்கார அம்மாள் செல்வி தயங்கினார்.

“அண்ணாச்சி, எழுத்தெல்லாம் சுருங்கி இடது பக்கமா ஒதுங்குதே. ஓரத்துல வேற என்னமோ பொடிசா வருது. செட்டிங்கைப் பாத்துட்டு எடுக்கட்டுமா?”

“கை வைக்காதம்மா. மூணு நாள் பாடுபட்டு வச்ச செட்டிங். ஓரத்துல வாரது நான் போட்ட பூக்கரை.”

மடித்தே வாங்கினேன், பிரித்துப் பாராமலே உறைகளிலிட்டு அனுப்பினேன்.

மணமகனுக்குத் தந்தை இல்லை. விளாத்திகுளத்தில் மிளகாய் வத்தல் வியாபாரம் செய்யும் பெரியப்பா வைத்ததே அவ்வீட்டில் சட்டம். அவர் தொலைபேசியில் அழைத்தார்.

“சம்மந்தி, பத்திரிகை வந்துது. ஓரத்துல ரொம்ப நல்லாப் பண்ணியிருக்கீரு.”

“எல்லாம் நானாக் கத்துக்கிட்டது. உங்க வீட்டு ஆட்களை ஒவ்வொருத்தரா நெனச்சுப் பாத்துப் போட்டது.”

“அது தெரியுது,” என்று வைத்துவிட்டார்.

மீதமிருந்த உறையொன்றை என் மனைவி பிரித்தாள். ‘பெரியப்பா: முன்கோபி. பெயரைப் பெரிதாகப் போடவும். இன்றேல் காரியம் கெடும்.’ ‘தங்கை கணவர்: எங்கே போட்டாலும் பந்திக்கு வந்துவிடுவார்.’

“எங்க அண்ணன் பேருக்கு நேரா என்ன எழுதியிருக்கு? சத்தமா வாசிங்க.”

அவசரமாகத் தாளை மடித்து உறைக்குள் செருகினேன். (அதனை இங்கும் எழுதேன்.)

பையனை மனதாரப் பிடித்திருந்த என் மகளோ, “அவுங்க வரலன்னா ஒங்ககூடப் பேசவே மாட்டேன்பா,” என்று கதவைச் சாத்திக்கொண்டாள்.

நிச்சயத்தன்று வேன் நிறைய வந்திறங்கினர். ஆளுக்கொரு அழைப்பிதழ் கையில். பெரியப்பா நடுக்கூடத்தில் அமர்ந்து கண்ணாடியை மாட்டினார். 

“முன்கோபின்னு எழுதியிருக்கீரு. சரி, ஊருக்கே தெரியும். பேரைப் பெரிசாப் போடணும்னும் எழுதியிருக்கீரு. அதுவும் நியாயந்தான்.” தாளை என் முகத்தருகே நீட்டினார். “எங்கவே பெரிசாப் போட்டீரு? எறும்பு சைஸ்லல்லா இருக்கு?”

குறிப்புகளுக்கு இடம்விட்டுப் பக்கமே சுருங்கிய கதையை நான் கைகட்டி விளக்க, கூடமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. தாம்பூலத் தட்டு மாறியது.

கல்யாணப் பத்திரிகையில் அவர் பெயரை மணமகன் பெயரினும் பெரிதாகப் போட்டேன். அவருக்கா இந்த வயதில் கல்யாணம் என்று திருச்செந்தூரிலிருந்து இருவர் விசாரித்தார்கள். இன்றளவும் நான் எந்தத் தாளை நீட்டினாலும் சம்பந்தி வீட்டார் முதலில் ஓரத்தையே வாசிக்கின்றனர்.

ஓரத்தில் குறிப்பெழுதும் பிறருக்கு எச்சரிக்கையாக இவ்விவரத்தைத் தங்கள் கோப்பில் சேர்த்துப் பத்திரமாக வைத்திருக்குமாறு பணிவுடன் வேண்டிக்கொள்கிறேன்.