போயா தினத்தில் மிதந்த நிறைகுடம்

பொறியியல் மாணவி ஒருத்தியின் இறுதியாண்டுத் திட்டத்தை நான் கெடுத்தேன். கெடுத்துவிட்டுப் பழியையும் அவள் தலையிலேயே போட்டேன். இளமையில் செய்த பிழை என்று சொல்லித் தப்பவும் வழியில்லை. அப்போதே எனக்குப் பென்சன் வந்துகொண்டிருந்தது.

திருகோணமலைத் துறைமுகத்தில் பொறியியலாளராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். ஓய்வுபெற்ற பொறியியலாளர் ஒரு விசித்திரப் பிராணி. யாரும் கேட்காமலே வீதியில் நின்று மதகுகளைக் குறை சொல்லும். (என் மனைவி என்னோடு நடக்க வருவதை நிறுத்தியதற்குக் காரணம் இதுதான். முழங்கால் நோ என்பது வெளியாட்களுக்குச் சொல்வது.) ஆகவே பல்கலைக்கழகத்திலிருந்து நாலு மாணவர்கள் ஆலோசனை கேட்டு வந்தபோது, அவர்கள் கதிரையில் இருக்க முதலே நான் பதில் சொல்லத் தொடங்கிவிட்டேன்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால், துறைமுகக் கரையோரமாக, மீன்பிடிக் குடும்பங்கள் வாழும் ஒடுக்கமான ஒழுங்கை ஒன்று உண்டு. மாரி தொடங்கினால் அங்கே வெள்ளம் தேங்கிவிடும். அதைக் கடலுக்குக் கொண்டுபோக ஒரு வடிகான் அமைப்பதுதான் மாணவர்களின் திட்டம். படத்தோடு நிற்கக் கூடாது, ஊர்ச்சனத்தோடு சேர்ந்து வெட்டியும் காட்ட வேண்டும் என்பது பேராசிரியரின் நிபந்தனை. குழுத் தலைவி ஷிபானா, கிண்ணியாப் பிள்ளை. அவளுக்கு ஒரு வேலை காத்திருந்தது. திட்டம் தேறாவிட்டால் பட்டம் பின்னுக்குப் போகும். வேலையும் கைவிட்டுப் போகும்.

கான் வெட்டுவதென்றால் தரை கடலைவிட எவ்வளவு உயரம் என்று முதலில் தெரிய வேண்டும். ஒழுங்கை முகப்பில் ஒரு பழைய அளவைக் கல் இருக்கிறது. அது கடலைவிட எவ்வளவு உயரம் என்பது எனக்கு மனப்பாடம். சொன்னேன். சொன்னது துறைமுகக் கணக்கு. கப்பல் தரை தட்டக்கூடாது என்பதற்காக, கடல் ஆக வற்றி நிற்கும் மட்டத்திலிருந்துதான் துறைமுகத்தில் எல்லாவற்றையும் அளப்போம். தரையில் கட்டுகிறவர்கள் அளப்பது கடலின் சராசரி மட்டத்திலிருந்து. இரண்டுக்கும் இடையில் ஏறக்குறைய ஒரு முழம். என் கணக்கை நம்பினால், ஒழுங்கை உண்மையில் இருப்பதைவிடக் காகிதத்தில் ஒரு முழம் உயர்ந்துவிடும். இது எனக்குத் தெரியாததல்ல. சொல்ல மறந்தேன், அவ்வளவுதான்.

ஆனால் ஷிபானா சும்மா இருக்கவில்லை. கான் பாதி வெட்டியான பிறகு ஒருநாள் தனியாக வந்தாள்.

"சேர், இந்தக் கணக்குப்படி பாத்தா கடல் இன்னும் கீழ நிக்க வேணும். அந்தக் கல்லுக்கு நீங்கள் சொன்ன உயரம் எங்கயிருந்து அளந்தது?"

அந்தக் கேள்விக்கு ஒரு சொல்லில் பதில் இருந்தது. நான் சொன்னது வேறு.

"பிள்ளை, நான் இந்தக் கடலைப் பாத்துத்தான் தலை நரைச்சனான்."

அவள் என் தலையைப் பார்த்தாள். பிறகு போய்விட்டாள். அதற்குமேல் கேட்பது மரியாதையில்லை என்று நினைத்திருப்பாள்.

திறப்பு விழாவுக்கு நாள் பார்த்ததும் நான்தான். பௌர்ணமிப் போயா தினம். எல்லோருக்கும் விடுமுறை, என் பழைய சகாக்களும் வருவார்கள், பிரதம விருந்தினர் வேறு நான். பௌர்ணமியன்று கடல் ஆகக் கூடுதலாகப் பெருகும் என்பது துறைமுகத்தில் வேலை செய்த ஒருவனுக்கு நினைவு வந்திருக்க வேண்டும். எனக்கு நினைவில் இருந்தது என்னுடைய உரை மட்டும்.

கானின் கடல் முனையைப் பலகையால் அடைத்து, அதன் பக்கத்தில் வாழையிலை விரித்து நிறைகுடம் வைத்திருந்தார்கள். பேராசிரியர் பலகையைத் தூக்க, தேங்கி நிற்கும் வெள்ளம் கடலுக்குள் ஓட, நான் பேசத் தொடங்குவது என்று ஏற்பாடு. பலகை தூக்கப்பட்டது. நானும் தொடங்கினேன். சனம் என்னைப் பார்க்காமல் என் காலைப் பார்த்தது. குனிந்தேன். கடல் வந்துகொண்டிருந்தது.

அவசரமே இல்லாமல், அழைப்புக் கிடைத்த விருந்தாளி மாதிரி வந்தது. கான் நிரம்பி, ஒழுங்கை நிரம்பி, என் புது வேட்டி முழங்கால் வரை நனைந்தது. பேருக்கு நிறைகுடமாக இருந்த அரைக்குடம் மெல்ல எழும்பி, மேலிருந்த தேங்காய் சரியாமல், ஒழுங்கை வழியே உள்ளே போனது. அதற்குப் பின்னால் இரண்டு சொறிமுட்டை ஜெலிமீன்கள் போயின. பலகையைத் திரும்ப இறக்கப் பார்த்தார்கள். அது ஊதிப்போய் இறுகிவிட்டது.

ஒழுங்கையின் மாதர் சங்கத் தலைவி றோசம்மா சேலையைத் தூக்கிப் பிடித்தபடி என்னிடம் வந்தாள்.

"ஐயா, மழைவெள்ளம் போக வழி கேட்டனாங்கள். நீங்கள் கடலையெல்லே குசினி அடுப்புக்குள்ள கொண்டந்து விட்டிருக்கிறியள்."

பேராசிரியர், கல்லின் உயரத்தைத் தந்தது யார் என்று கேட்டார். ஷிபானா என்னைப் பார்த்தாள். என் பழைய சகாக்களும் பார்த்தார்கள்.

"நான் ஒரு கதைக்குச் சொன்னது. பிள்ளையள் அளந்து பாத்திருக்க வேணும்" என்றேன்.

"ஓம் சேர், நாங்கள் அளந்திருக்க வேணும்" என்றாள் அவள், பேராசிரியரிடம். என் பக்கம் திரும்பவில்லை.

திட்டம் தேறவில்லை. வீட்டில் வேட்டியைப் பிழிந்துகொண்டே மனைவி என்ன நடந்ததென்று கேட்டாள். பிள்ளைகள் பிழை விட்டுவிட்டார்கள் என்றேன். எந்தப் பிழை என்று கேட்டாள். அப்போது உண்மை வந்துவிட்டது. (முப்பத்தைந்து வருடம் சேர்ந்து வாழ்ந்த பெண்ணிடம் வேட்டியைக் கொடுத்துவிட்டுப் பொய் சொல்ல ஏலாது.) அவள் வேட்டியைக் கொடியில் போட்டுவிட்டு, பல்கலைக்கழகத்துக்கு எத்தனை மணிக்கு பஸ் என்று மட்டும் கேட்டாள்.

பேராசிரியரிடம் போய், கணக்கு என்னுடையது, அவள் கேட்டாள், நான்தான் வாயை அடைத்தேன் என்று சொன்னேன். இதை அன்றைக்கே சொல்லியிருக்கலாமே என்றார். குழு மறுபடி அளந்து, திருத்திக் காட்ட இடம் கொடுத்தார். மறு அளவைக்கு அளவுகோல் பிடிக்கும் வேலையை நான் கேட்டு வாங்கினேன். இடுப்பளவு தண்ணீரில், எரியும் வெயிலில் நின்று, "என்னை மன்னிக்க வேணும் பிள்ளை" என்றேன்.

ஷிபானா கருவிக்குள்ளால் பார்த்தபடியே சொன்னாள்: "சேர், கோலை நேரா பிடியுங்கோ. சரியுது."

கானின் வாயில் ஒரு கதவு வைத்தாள். கடல் பெருகினால் தானாக மூடும், வற்றினால் திறக்கும். ஒழுங்கை இப்போது மாரியிலும் காய்ந்து கிடக்கிறது. பட்டமும் கிடைத்தது. ஆனால் காத்திருந்த வேலை அதற்குள் வேறொருவருக்குப் போய்விட்டது. அதைத் திருப்பிக் கொடுக்க எனக்கு வழி இருக்கவில்லை. ஒரு வருடம் கழித்துத்தான், சம்பூர்ப் பக்கம் ஒரு வீதி வேலையில் சேர்ந்தாள்.

எங்கள் வீட்டில் நான் எதைச் சொன்னாலும் இப்போது ஒரே கேள்விதான். இரத்த அழுத்தம் பரவாயில்லை என்றால், மனைவி: "எங்கயிருந்து அளந்தது?" கறிக்கு உப்புக் குறைவு என்றால், மகள் தொலைபேசியில்: "எங்கயிருந்து அளந்ததப்பா?" றோசம்மா போயாவுக்குப் போயா வேலிக்கு மேலால் தலையை நீட்டி, "ஐயா, குடம் என்னட்டத்தான் கிடக்கு, தரட்டோ?" என்பாள்.

போன மாதம் ஷிபானா தொலைபேசியில் கூப்பிட்டாள். சம்பூரில் ஒரு பழைய கல் இருக்கிறதாம், அதன் உயரம் எனக்குத் தெரியுமா என்று கேட்டாள். எனக்குத் தெரியும். வாய்வரை வந்துவிட்டது.

"தெரியாது பிள்ளை. அளந்து பாருங்கோ."



"அளந்திட்டன் சேர்," என்றாள். "நீங்கள் என்ன சொல்லுவியள் எண்டு பாத்தனான்."