கண்டக்டர் கொடுக்கும் கம்பெனி

பெருமதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு, உங்கள் தங்கையின் கணவன் எழுதிக்கொள்வது. இங்கே என்னைத் தவிர எல்லோரும் நலம். உங்கள் தங்கை இரட்டிப்பு நலம். அதுதான் என் புகாரே.

காலையில் நடந்தால் இவளுடைய முழங்கால் வலி குறையும் என்று டாக்டர் சொன்னாலும் சொன்னார், கீழ்வீட்டில் இருக்கும் ரிட்டயரான பஸ் கண்டக்டர் தினமும் வாசலில் நின்று "போலாம் ரைட்" என்று குரல் கொடுக்கிறார், இவள் எனக்குப் போட்ட டீயைப் பாதியில் விட்டுவிட்டுப் படியிறங்குகிறாள். திரும்பி வரும்போது சிரிப்புச் சத்தம் தெருமுனையிலேயே கேட்கிறது. என்னோடு வெளியே வந்து அவள் அப்படிச் சிரித்ததே இல்லை. என்ன சிரிப்பு என்று கேட்டால், அவர் நல்ல கம்பெனிங்க என்கிறாள். சோப்புக் கம்பெனியில் சூப்பர்வைசராகக் குப்பை கொட்டியவன் நான், எனக்கே கம்பெனி பற்றிப் பாடமா? கம்பெனி என்றால் கேட் இருக்கும், சங்கு ஊதும், லேட்டாக வந்தால் சம்பளத்தில் பிடிப்பார்கள். ஒற்றை ஆள் எப்படிக் கம்பெனி ஆவார்? டிக்‌ஷனரியை எடுத்துப் பார்த்தேன். முதல் அர்த்தம் என் பக்கம்தான். அடுத்த அர்த்தம், துணை என்று போட்டிருந்தான். எனக்கு வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது. கட்டின புருஷன் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கேன், துணைக்குக் கண்டக்டரா?

நாமும் கம்பெனி ஆகிவிடுவோம் என்று மறுநாள் ஷூவை மாட்டிக்கொண்டு இரண்டு பேருக்கும் நடுவில் புகுந்து நடந்தேன். பூங்கா வருவதற்குள் எனக்கு மூச்சு வாங்கிவிட்டது. பஸ்ஸில் ஆடு ஏறின கதையைக் கண்டக்டர் ஆரம்பித்தார். ஆட்டுக்கு அரை டிக்கெட்டா முழு டிக்கெட்டா என்று நான் சட்டம் பேசினேன். கதை அதோடு படுத்துவிட்டது. வீட்டுக்குள் நுழைந்ததும் பிடித்துக்கொண்டேன், அந்தாளைப் பார்த்தா பல்லு பூரா தெரியுது, என்னைப் பார்த்தா மட்டும் ஏன் மூஞ்சி தூக்கிக்குதுன்னு. அவள் கோபப்பட்டிருந்தாலும் தேவலை. செருப்பைக் கழற்றிக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்:

"வேலைக்குப் போன காலம் பூரா கம்பெனி கம்பெனின்னே கிடந்தீங்க. ஒரு நாளாவது எனக்குக் கம்பெனி குடுத்தீங்களா?"

அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நீங்கள் உடனே கிளம்பி வந்து, நானா கண்டக்டரா, இரண்டில் ஒன்று அவளிடம் கேட்டுச் சொல்லணும். அங்கே பெரியவர்களுக்கு வணக்கம், சின்னவர்களுக்கு ஆசி, சண்டை போடாத புருஷன் பெண்டாட்டி யாராவது இருந்தால் அவர்களுக்கு இரண்டும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கைக்கு மட்டும் கம்பெனி ஆகாத மாப்பிள்ளை

பின்குறிப்பு: இதைத் தபாலில் போடப் படியிறங்கினேன், கண்டக்டர் மடக்கிக்கொண்டார். டீக்கடைக்குத் தனியாகப் போகப் பிடிக்கலை, சும்மா கம்பெனி குடுங்க சார் என்றார். ஆட்டுக் கதையின் மிச்சத்தையும் சொன்னார். சிரித்த சிரிப்பில் எனக்குப் புரையேறிவிட்டது மச்சான், கடிதத்தைப் போடவே மறந்துவிட்டேன். திரும்பி வந்தால் உங்கள் தங்கை வாசலில் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்கிறாள். "சிரிப்பு தெருமுனையிலயே கேட்டுது. என்னையும் கூப்பிடணும்னு தோணலை, இல்ல?" நீங்கள் வர வேண்டாம். அவளுக்குப் பொறாமை என்மேலா, கண்டக்டர்மேலா என்று கேட்க எனக்குத் தைரியமில்லை. கண்டக்டர்மேல்தான் என்று வைத்துக்கொண்டிருக்கிறேன்.