என் காய்ச்சல் கணக்கில் வராது

தொற்றுக் கணக்கர் என்றொரு இனம் உண்டு. எந்தக் காய்ச்சல் கிளம்பினாலும் எங்கே எத்தனை பேருக்கு வந்தது, எத்தனை பேர் தேறினார்கள், எத்தனை பேர் போய்ச் சேர்ந்தார்கள் என்று விரல் நுனியில் வைத்திருப்பார்; துக்க வீட்டுக்குப் போனால் "எப்போ காய்ச்சல் ஆரம்பிச்சுது?" என்று விசாரித்துவிட்டுத்தான் கண்ணீர் விடுவார், பஸ்ஸில் பின் இருக்கையில் யாராவது தும்மினால் திரும்பிப் பார்க்காமலே தும்மியவர் வயதைச் சொல்வார். இப்பேர்ப்பட்டவரைத் தேடி நீங்கள் அலைய வேண்டாம். அடியேனே அதில் முற்றிய ரகம்.

மாநிலச் சுகாதாரத் துறையின் நோய்க் கண்காணிப்புப் பிரிவில் எனக்கு வேலை. மாவட்டங்களிலிருந்து வரும் புதிய நோயாளிகள், மரணங்கள் எல்லாவற்றையும் கூட்டி மாலை அறிக்கை தயாரிக்க வேண்டும். வெறும் கூட்டல்தானே என்று நினைத்துவிடாதீர்கள். நான் போனில் அதட்டாத மாவட்ட அதிகாரி கிடையாது. "ஒரு கேஸை மறைச்சீங்கன்னா ஒரு தெருவையே படுக்க வைக்கிறீங்க, புரியுதா?" இதை நான் முழங்கும்போது பக்கத்து மேசை டைப்பிஸ்ட் அம்மா வேலையை நிறுத்திவிடுவார். ரசித்துக் கேட்கிறார் என்றுதான் நம்பிக்கொண்டிருந்தேன்.

அந்த வருடத்து விஷக்காய்ச்சல் ஆட்டமெல்லாம் ஆடி ஓய்ந்து, கடைசியில் தலைநகரில் புதிய நோயாளியே இல்லை என்றானது. இயக்குநர் பத்திரிகைக்காரர்களை அழைத்துவிட்டார். "பூஜ்யம்னு நான் சொல்லணும். பக்கத்துல நீங்க நிக்கணும்," என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அன்று காலை எழுந்தால் உடம்பு கொதிக்கிறது. தொண்டையில் முள். மூட்டுக்கு மூட்டு வலி. வேறு யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் பாதி வாக்கியத்திலேயே நோயின் பெயரை எழுதியிருப்பேன். என் உடம்பு என்பதால் பொறுமையாக யோசித்தேன்.

"நேத்து வெயில்ல நடந்தேன்ல, அந்தச் சூடு," என்றேன் மனைவியிடம்.

அவள் பள்ளிக்கூட ஆசிரியை. வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளைகளின் சாக்குகளைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்தவள். "ஊருக்கு வந்தா காய்ச்சல், உங்களுக்கு வந்தா வெயிலா?"

"இன்னைக்குப் பூஜ்யம்மா. நான் படுத்தா ஒண்ணாயிடும்."

"படுக்காம ஆபீஸ் போனா எத்தனை ஆகும்? அதையும் நீங்களே சொல்லுங்க."

பதில் தெரியாதா எனக்கு? தெரியும். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

போனேன். நின்றேன். இயக்குநர் பூஜ்யம் என்றார், கைதட்டினார்கள், நான் இருமலை விழுங்கினேன். பிறகு ஜன்னல் சாத்திய அறையில், கண் எரிகிறதே என்று, அறிக்கையை நான் சொல்லச் சொல்ல டைப்பிஸ்ட் அம்மா அடித்தார்.

"முகமெல்லாம் செவந்திருக்கே சார், உடம்பு சரியில்லையா?"

"சந்தோஷம்மா," என்றேன்.

அந்த வாரமே அவர் படுத்தார். அடுத்து, அவரோடு இருக்கும் அவருடைய அப்பா. ஓய்வு பெற்ற தபால்காரர், ஏற்கெனவே நெஞ்சு பலவீனம். அவருக்குப் பிராணவாயு வைத்துவிட்டார்கள்.

எங்கள் அலுவலகத்துக்குள் நோய் எப்படி நுழைந்தது என்று கண்டுபிடிக்க ஒரு குழு போட்டார்கள். தலைவர் யார் என்கிறீர்கள்? வேறு யார்? அதற்குள் என் 'வெயில்' இறங்கியிருந்ததால் சுறுசுறுப்பாக இறங்கினேன். தண்ணீர் கேன் போடுபவரைக் குடைந்தேன்; நிருபர்களைச் சந்தேகித்தேன்; வாசலில் இருக்கும் டீக்கடைக்காரரை, அவர் ஒருமுறை மூக்கைத் துடைத்தார் என்பதற்காகக் கடையையே மூட வைத்தேன். வீட்டுக்கு வந்து இதைப் பெருமையாகச் சொன்னேன்.

மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள். "அந்த மனுஷன் வீட்டுல இன்னைக்கு அடுப்பு எரிஞ்சுதா? அந்தப் பெரியவர் பிழைப்பாரா? நீங்க சொல்றீங்களா, நான் சொல்லவா?"

ஆஸ்பத்திரியில் இருந்த டைப்பிஸ்ட் அம்மாவுக்குப் போன் செய்தேன்.

"அம்மா... முதல்ல வந்தது எனக்குத்தான். அந்தப் பூஜ்யம் அன்னைக்கே."

அவர் மூச்சு வாங்கிக்கொண்டே பேசினார்.

"சந்தோஷம்னு சொன்னீங்களே சார்."

போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அப்பாவைத் தங்கச்சி வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்," என்றார். திட்டியிருந்தால் தேவலை.

மறுநாள் என்னை நானே நோயாளியாகப் பதிந்து அறிக்கையைத் திருத்தினேன். இயக்குநர் தலையில் கை வைத்துக்கொண்டார். "அன்னைக்கே சொல்லியிருக்கலாம். இல்லன்னா கடைசிவரைக்கும் சொல்லாமலே இருந்திருக்கலாம். இது ரெண்டுங்கெட்டானா இருக்கேய்யா!" என்னைக் குழுவிலிருந்து தூக்கினார். டீக்கடையைத் திறக்கச் சொல்லி நானே போய் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்ல சார்," என்றார் கடைக்காரர், டீயைக் கையில் கொடுக்காமல் பெஞ்சில் வைத்துவிட்டு.

தபால்காரர் பிழைத்துவிட்டார். சக்கர நாற்காலியில் ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வந்தவர், வாசலில் நின்ற என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நான் ஆயுசு முழுக்க ஊரார் கடுதாசியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒருத்தருக்கும் காய்ச்சல் கொடுத்ததில்ல தம்பி," என்றார். டைப்பிஸ்ட் அம்மா சிரிக்கவில்லை. நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனார்.

இதைப் படிக்கும்போது உங்கள் மேலதிகாரி, மைத்துனர், மாடி வீட்டுக்காரர் என்று இரண்டு மூன்று முகங்கள் மனதில் வந்து போயிருக்குமே? வரட்டும், தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் நடுவில் நீங்கள் தொண்டையைச் செருமினீர்களே, அது என்ன? தூசியா?