வெங்காய வாடை அடித்த ஹாப்ஸ்

அன்பு மகள் மிசுஹோவுக்கு,

சிவப்புத் தும்பிகள் பறக்கத் தொடங்கிவிட்ட இந்நாளில், செண்டாயில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாயிருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் சுகம். என்னோடு பேசுவதில்லை என்பதைத் தவிர உன் அம்மாவும் சுகம்.

உங்கள் பின்னறையைக் காலி செய்து வை. நம்மூரில் சின்னதாகப் பீர் காய்ச்சுகிறாளே உபுகாதா, அவள் பீருக்கு மணமூட்ட நம் தோட்டத்து ஹாப்ஸ் பூவை இந்த வருஷம் எடுக்காவிட்டால் கொடிக் கம்பங்களைப் பிடுங்கிவிட்டு உன்னிடம் வந்துவிடுவதாக அம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். அவள் எடுக்கவில்லை.

தப்பு என்னுடையதுதான், ஆனால் அந்தக் கொடிகளை நீ பார்த்திருக்கணும், உச்சிக் கம்பி வரை ஏறிப் பந்தல் போட்டு, வெயிலே பச்சையாக இறங்குது, பூ கொத்துக் கொத்தாய் ஆடுது, அடியில் பாயைப் போட்டுச் சாய்ந்தால் அந்த மணத்துக்குக் கண் தானாகச் சொக்குது, எப்படியம்மா அறுக்க மனசு வரும்? நாளைக்கு ஆகட்டும், நாளைக்கு ஆகட்டும்னு கிடந்தேன். அம்மா தலைமாட்டில் வந்து நின்று, “பஸ் ஓட்டுன காலத்துல ஒரு நிமிஷம் பிந்தாத மனுஷனா இது? பூ முத்திப் போச்சு, எந்திரிங்க!” என்று கத்தினாள். “இன்னும் மணம் ஏறட்டும், சும்மா இரு”ன்னேன். ஏறிச்சு.

இன்று உபுகாதா வந்து, காய்ந்த பூவை உள்ளங்கையில் கசக்கி மோந்து பார்த்தாள். “மாமா, முத்தின பூ. வெங்காய வாடை அடிக்குது. பீருக்கு ஆகாது, மிசோ சூப்புல வேணா போடுங்க.” சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், ஆனால் முகம் வாடிவிட்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. மழை விடட்டும் என்று உபுகாதா உள்ளே படுத்திருக்கிறாள். அம்மா பெட்டியில் வைக்கத் துணிகளை மடித்துக்கொண்டிருக்கிறாள்.

குளிருக்கு முன் வந்து சேர்கிறோம். உங்கள் இருவருக்கும் எங்கள் ஆசிகள்.

உன் அப்பா,
தெய்ஜி

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் உள்ளே ஒரே சத்தம். படுக்க அம்மா கொடுத்த தலையணையைக் கட்டிக்கொண்டு உபுகாதா ஓடி வந்தாள். “அத்தை, இதுக்குள்ள என்ன இருக்கு?” “கடைசி வரிசையில முத்துறதுக்குள்ள நான் பதமாப் பறிச்சுக் காயவெச்ச பூ. இவர் குறட்டைக்கு நடுவுல நான் தூங்க வேணாமா?” “இந்த மணத்தைத்தானே தேடிட்டிருந்தேன்! ஒரு அண்டா பீருக்கு இது போதும். அடுத்த வருஷம் தோட்டம் பூரா எனக்குத்தான், ஆனா அறுக்கிற நாளை அத்தைதான் சொல்லணும்.” தலையணையோடு போயே விட்டாள்.

“அப்போ செண்டாய்?” என்று மெதுவாகக் கேட்டேன். “யாரு போறா?” என்றாள் அம்மா. மடித்த துணியெல்லாம் அதற்குள் அலமாரியில் இருந்தது.

அறை வேண்டாம். ஒரு தலையணை மட்டும் அனுப்பி வை. என்னுடையதை அம்மா எடுத்துக்கொண்டாள்.