தங்கை தாலிக்கு நான் நூற்ற கயிறு

பெங்களூரில் ஐ.டி. வேலையில் இருப்பவனுக்கு முப்பது வயது தாண்டினால் முதுகுவலி வரும், இல்லாவிட்டால் ஒரு பொழுதுபோக்கு வரும். முதுகுவலியாவது நமக்கு மட்டும்தான் வலிக்கும். பொழுதுபோக்கு குடும்பத்துக்கே வலிக்கும்.

எனக்கு வந்தது நூல் நூற்கும் பொழுதுபோக்கு. இந்திராநகரில் ஒரு காபிக் கடை மாடியில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு. 'வேகத்தைக் குறையுங்கள்' என்று வாசலில் பலகை வைத்திருந்தார்கள். (டிராஃபிக்கில் ஒன்றரை மணி நேரம் ஊர்ந்து வந்தவனிடம் இதைச் சொல்ல ஒரு பலகை!) உள்ளே ஆளுக்கு ஒரு தக்ளி கொடுத்தார்கள். ஒரு மரக்குச்சி, அதில் ஒரு வட்டத் தட்டு, நுனியில் ஒரு கொக்கி, அவ்வளவுதான். பஞ்சின் நுனியை மாட்டிச் சுழற்றித் தொங்கவிட்டால் அது பம்பரமாகச் சுற்றும். விரலிலிருந்து பஞ்சை விட விட, முறுக்கேறி நூலாகும். நான் பார்ப்பது சாஃப்ட்வேர் டெஸ்டிங், அதாவது அடுத்தவன் செய்ததில் ஓட்டை கண்டுபிடிப்பது. நானே ஒன்றைச் செய்து கையில் தொட்டுப் பார்த்தது அதுதான் முதல் தடவை. கண் கலங்கிவிட்டது.

முதல் ஞாயிறு நூற்பது. அடுத்த ஞாயிறு நூற்றதைப் பக்குவம் செய்வது. அந்த இரண்டாவது ஞாயிறு நான் போகவில்லை. அதற்குள் இன்ஸ்டாகிராமில் என் பெயருக்குக் கீழே 'நூற்பவன்' என்று போட்டுக்கொண்டாகிவிட்டது. அப்புறம் வகுப்பு எதற்கு?

தொம்மலூர் வீட்டில் அம்மா அதைக் கையில் வாங்கிப் பார்த்தாள்.

"என்னடா, தக்ளியா இது?"

"ஸ்பிண்டில்மா. இத சுத்தினா மனசு அமைதியாகும்."

"எங்க ஸ்கூல்ல இத சுத்தலேன்னா டீச்சர் முட்டி போட வெப்பாங்க. நீ காசு குடுத்துட்டு வந்து முட்டி போடறியா?"

நான் பொருட்படுத்தவில்லை. ஆபீஸ் மீட்டிங்கில் கேமராவை ஆன் செய்துவிட்டு நூற்றேன். சோபாவில் பஞ்சு, சீப்பில் பஞ்சு, ஒருநாள் ரசத்திலும் பஞ்சு. அம்மா தட்டை நகர்த்தி வைத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையில் அமைதி கொஞ்சமும் இல்லை.

இந்த நேரத்தில்தான் தங்கை ரேவதிக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை பிரசாத் தங்கமான பையன். அவன் அம்மா சகுனம் பார்ப்பவர். நிச்சயதார்த்தத்தில் யாரோ தும்மியதற்கு எல்லோரையும் மறுபடி உட்காரவைத்து, தண்ணீர் குடிக்கவைத்து, அதன் பிறகே தட்டு மாற்றினார். அன்று இரவு ரேவதி என்னிடம் சொன்னாள்: "அண்ணா, எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் வேணும். கல்யாணத்துல அத்தை முகம் சுளிக்கக் கூடாது."

அப்படிச் சொன்னவளுக்கு நான் செய்த உதவி, இரண்டு வீட்டாரும் இருந்த வாட்ஸ்அப் குரூப்பில் அறிவித்ததுதான்: 'ரேவதியின் தாலிக்கயிறு, அண்ணன் கையால் நூற்றது.' தாலியும் கயிறும் மாப்பிள்ளை வீட்டுப் பொறுப்பு என்பது எனக்கு உறைக்கவில்லை. அந்தப் பக்கத்திலிருந்து கும்பிடும் கைகளும் இதயங்களுமாக வந்து விழுந்தன. அதற்கு மேல் யாராலும் வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை.

"கடைல ரெடியா கிடைக்குமேண்ணா..." என்று இழுத்தாள் ரேவதி.

"அதுல பாசம் இருக்குமா?"

அவள் நேராக அம்மாவிடம் போய்விட்டாள்.

முறுக்குதான் நூலுக்குப் பலம் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். தங்கையின் தாலி ஆயுசுக்கும் நிற்க வேண்டுமே! எனவே தக்ளியைச் சுற்றினேன், சுற்றினேன், கை ஓயும்வரை சுற்றினேன். இழைகளைச் சேர்த்து மறுபடியும் அதே பக்கமாக முறுக்கினேன். (எதிர்ப்பக்கமாக முறுக்க வேண்டுமாம், அப்போதுதான் முறுக்கு அடங்குமாம். அதெல்லாம் நான் போகாத ஞாயிறு பாடம்.) நடுநடுவே கட்டை விரல் பருமன், நடுநடுவே தலைமுடி பருமன். ஜன்னல் கம்பியில் கட்டி லேசாக இழுத்தேன், அறுந்துபோகவில்லை. டெஸ்ட் பாஸ். மஞ்சளில் முக்கி, அட்டையில் இறுக்கிச் சுற்றிக் கொடுத்தேன்.

கல்யாணத்தன்று லிங்கராஜபுரம் சௌல்ட்ரி (பெங்களூரில் கல்யாண மண்டபத்துக்கு அதுதான் பெயர்) நிரம்பி வழிந்தது. தேங்காயில் சுற்றியிருந்தவரை கயிறு சாதுவாகத்தான் இருந்தது. தட்டு ஊர்வலம் போய் ஆசீர்வாதம் வாங்கி வந்தது. ஐயர் கயிற்றைப் பிரித்து பிரசாத்தின் இரண்டு கையிலும் கொடுத்து, "கெட்டி மேளம்!" என்றார்.

பிரசாத் குனிந்து இரண்டு கையையும் நெருக்கமாகக் கொண்டுவந்தான். நடுவில் தொங்கிய தாலி மெதுவாகத் திரும்பியது. பிறகு வேகமாகத் திரும்பியது. பிறகு சுழல ஆரம்பித்தது. கயிற்றின் இரண்டு பக்கமும் ஒன்றையொன்று பின்னிக்கொண்டு சரசரவென்று மேலே ஏறி, பிரசாத்தின் கட்டை விரல்களைச் சேர்த்துக் கட்டியது.

"மச்சான், என்னது இது?" என்றான் பல்லைக் கடித்துக்கொண்டு.

"முறுக்கு வெளிய வருது மாப்ள. கொஞ்சம் விட்டா தானா நின்னுடும்."

"முகூர்த்தம் நிக்காதுப்பா," என்றார் ஐயர்.

தவில்காரர் விடாமல் அடித்துக்கொண்டிருந்தார். நாதஸ்வரக்காரருக்கு மூச்சு வாங்கியது. கூட்டம் கையிலிருந்த அட்சதையையெல்லாம் போட்டுத் தீர்த்துவிட்டு வெறும் கையோடு நின்றது. போட்டோகிராபர் மட்டும், "சார், அப்டியே ஹோல்ட் பண்ணுங்க, சூப்பரா இருக்கு," என்றார். பிரசாத் பொறுமையிழந்து இரண்டு கையையும் விரித்து ஓர் இழுப்பு இழுத்தான். தலைமுடி பருமன் இருந்த இடத்தில் கயிறு அறுந்தது.

மேளம் நின்றுவிட்டது. எகிறிய தாலியை ரேவதி கும்பிட்ட கையைப் பிரித்துப் பிடித்துவிட்டாள். ஆனாலும் தாலிக்கயிறு அறுந்தது அறுந்ததுதானே? மண்டபமே அத்தையின் முகத்தைப் பார்த்தது. ரேவதி என்னைப் பார்த்தாள், கண் நிறைந்திருந்தது. எனக்கு அந்த இடத்திலேயே உயிர் போனால் தேவலை என்றிருந்தது.

அப்போது அம்மா இடுப்பிலிருந்த சுருக்குப் பையைத் திறந்து, கடையில் வாங்கிய மஞ்சள் கயிறு ஒன்றை எடுத்தாள்.

"எப்பம்மா வாங்கினே?"

"நீ குரூப்புல போட்ட அன்னிக்கே."

அத்தை அம்மாவை உற்றுப் பார்த்தார். பிறகு தன் கைப்பையைத் திறந்தார். அதிலும் ஒரு மஞ்சள் கயிறு. "நானும் அன்னிக்கே வாங்கிட்டேன் சம்பந்தி," என்றார். ஐயர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு தன் பையைத் தட்டினார். "எங்கிட்டயும் எக்ஸ்ட்ரா ஒண்ணு இருக்கு. இந்தத் தம்பி போன் பண்ணி, கயிறு நானே நூக்கறேன்னு சொன்னப்பவே எடுத்து வெச்சேன்."

இரண்டு குடும்பத்திலும் அந்தக் கயிற்றை நம்பிய ஒரே ஆள் நான்தான் என்பது அட்சதை தீர்ந்த அந்த மண்டபத்தில் எல்லோருக்கும் தெரிந்துபோனது. முதலில் சிரித்தது அத்தைதான். தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். "தாலி தரையில விழல, பொண்ணு தானே கேட்ச் புடிச்சுட்டா. அதவிட என்ன சகுனம் வேணும்? ஸ்வல்ப சீக்கிரம் ஆகட்டும் ஐயரே!" என்று தன் கயிற்றையே கொடுத்தார். ரேவதி கண்ணைத் துடைத்துக்கொண்டு குனிந்தாள். கீழே கிடந்த அட்சதையைப் பொறுக்கி எல்லோரும் மறுபடி போட்டார்கள்.

இன்றைக்கும் நான் அந்த வீட்டுக்குப் போனால் அத்தை வாசலிலேயே என் பையை வாங்கிப் பார்ப்பார். "நூல் கீல் ஏதாவது இருக்கா தம்பி?" இல்லை என்றால்தான் காபி. ரேவதி குழந்தைக்கு அரைஞாண் கயிறு கட்டிய அன்று, யாரும் எதுவும் கேட்பதற்கு முன்பே இரண்டு கையையும் தூக்கிக் காட்டினேன்.

தக்ளி இப்போது அந்தக் குழந்தையின் தொட்டிலுக்கு மேலே தொங்குகிறது. யாராவது சுண்டிவிட்டால் சுற்றும். குழந்தை காலை உதைத்துச் சிரிக்கும். என் பொழுதுபோக்கை மனதார ரசிக்கும் ஒரே ஜீவன் அதுதான். தக்ளியை அங்கே கட்டித் தொங்கவிட்டது அம்மா, கடையில் வாங்கிய நூலில்.