புத்துப் பட்டன்

ஒரு காட்டில் இரண்டு கரடிகள் இருந்தன. எந்தக் காடு, எந்த ஜில்லா என்றெல்லாம் குறுக்கே கேட்கக் கூடாது. கேட்டால் கதையை இத்தோடு நிறுத்திவிடுவேன், எனக்கொன்றும் நஷ்டமில்லை.

ஆண் கரடி பூதலிங்கம். பெண் கரடி ஆவுடையம்மாள். இருவருக்கும் ஒரே மகள், பெயர் வடிவு. இரண்டு மலை தாண்டி ஒரு தேன் கம்பெனியில் கம்ப்யூட்டர் பார்க்கிற வேலை அவளுக்கு. போன புதிதில் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும் ஃபோன் பண்ணுவாள். "சாப்பிட்டியாம்மா?" "ஆச்சு. நீ?" "ஆச்சு." அவ்வளவுதான் பேச்சு. காதில் மொய்க்கிற ஈயை விரட்டக்கூட அந்த நேரம் போதாது.

அப்புறம் அவள் பெற்றவர்களுக்கு ஒரு டிவி வாங்கிக் கொடுத்தாள். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

கடைக்காரக் குள்ளநரி, "சுவர் அகலத்துக்கு டிவி, மூணு ரிமோட், முந்நூறு சேனல், வாயால சொன்னாலே போடும்" என்று அளந்துவிட, வடிவு நம்பிவிட்டாள். படித்த பிள்ளைதான், ஆனாலும் கரடிதானே!

ஆவுடையம்மாளுக்கு வேண்டியது முந்நூறு சேனல் இல்லை, ஒரே ஒரு சீரியல். சாயங்காலம் ஏழரைக்கு வரும் 'புகுந்த பொந்து'. அதில் ஒரு முயல் மருமகள் கொண்டுவந்த சீர்வரிசைக் கிழங்கை யாரோ திருடிவிட்டார்கள். யார் என்று மூன்று வருஷமாகச் சொல்லாமல் இழுத்துக்கொண்டிருந்தார்கள். அது தெரியாமல் கண்ணை மூடமாட்டேன் என்று ஆவுடையம்மாள் சபதமே போட்டிருந்தாள்.

ஆனால் ஏழு இருபத்தைந்துக்கு டிவியைப் போட்டால் நீலத்திரைதான் வரும். காரணம் பூதலிங்கம். டிவி பார்த்து முடித்ததும் எழுந்து போய் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார். இடி இடித்தால் அணைப்பார், மேகம் கறுத்தால் அணைப்பார், விருந்தாளி வந்தால் அணைப்பார். மறுநாள் அந்த டிவி அப்போதுதான் பிறந்த பிள்ளை மாதிரி விழித்து, என்ன மொழி, எந்த நாடு என்று முதலிலிருந்து விசாரிக்கும். உடனே வடிவுக்கு ஃபோன் போகும்.

"ஏட்டி வடிவு, டிவி வரல."

"ஹோம் பட்டன அழுத்தும்மா."

"அது எது?"

"வீடு மாதிரி படம் போட்டிருக்கும் பாரு."

"வீடெல்லாம் இல்லட்டி. கறையான் புத்துதான் இருக்கு."

கரடிக்குக் குகைதானே வீடு? மேலே கூம்பு, நடுவில் ஓட்டை என்று ஒன்றைப் பார்த்தால் அதற்குப் புற்று என்றுதான் தோன்றும், வாயும் ஊறும். பூதலிங்கம் முதல் நாளே அந்தப் பட்டனை நக்கிப் பார்த்துவிட்டு, "சப்புன்னு இருக்கு மக்ளே" என்று புகார் வேறு சொன்னார்.

அன்றிலிருந்து அது புத்துப் பட்டன் ஆயிற்று. பின்னால் போகிற அம்புக்குறிக்கு 'வளைஞ்ச புழு' என்று பெயர். "புத்த ரெண்டு தடவ, புழுவ ஒரு தடவ!" என்று வடிவு கம்பெனி மீட்டிங் நடுவில் கத்துவாள். சிறுத்தை மேனேஜர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளையே பார்க்கும். தினமும் இதே கூத்து. புத்துக்கும் புழுவுக்கும் நடுவில் இலுப்பை பூத்தது, அப்பாவின் முட்டிவலி, பக்கத்துக் குகைக்காரி கோபித்துக்கொண்டு போனது எல்லாம் வந்துவிடும். முக்கால் மணி நேரம் சர்வசாதாரணமாக ஓடும்.

ஒரு நாள் வடிவுக்குப் பொறுக்கவில்லை. "ஒரு டிவி போடத் தெரியாதாம்மா உங்களுக்கு? நான் வேல பாக்கவா வேண்டாமா?" என்று எரிந்து விழுந்தாள்.

"செரிட்டி, வச்சிருதேன்" என்றாள் ஆவுடையம்மாள்.

வடிவுக்குச் சுருக்கென்றது. மறுநாளே லீவு போட்டுவிட்டுக் கடைக்குப் போனாள்.

"எங்கம்மா அப்பாவுக்கு ஒரு டிவி வேணும். ஒரே ரிமோட், அதுல ஒரே பட்டன். அழுத்தினா சீரியல் வரணும். மெயின அணைச்சுப் போட்டாலும் அதே சீரியல்தான் வரணும்."

குள்ளநரிக்கு அவமானமாகப் போய்விட்டது. "ஒண்ணுமே இல்லாத டிவியா கேக்கிய? எங்க கடை மரியாத என்னத்துக்கு ஆகும்?"

"இருக்கா இல்லையா?"

நரி முனகிக்கொண்டே, ஆஸ்பத்திரி வராந்தாவில் மாட்டுவதற்கென்று வந்து யாரும் சீந்தாமல் கிடந்த ஒன்றைத் தூசி தட்டிக் கொடுத்தது. கொடுக்கும்போது, "உங்க ஃபோன்ல இருந்தே இதோட சத்தத்தக் கூட்டலாம், நிறுத்தலாம்" என்று கடைசியாக ஒரு பெருமையும் அடித்துக்கொண்டது.

டிவி வந்தது. ரிமோட்டில் புத்து மட்டும் இருந்தது, புழு இல்லை. அழுத்தியதும் 'புகுந்த பொந்து' வந்தது. பூதலிங்கம் மெயினை அணைத்து அணைத்துப் போட்டுப் பார்த்தார். அப்போதும் பொந்துதான் வந்தது. டிவியை மாட்ட வந்திருந்த வடிவு நிம்மதியாக வேலைக்குத் திரும்பினாள்.

நியாயமாகப் பார்த்தால் கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். எளிமையே சுகம் என்று ஒரு நீதியைப் போட்டுவிட்டு நானும் டீ குடிக்கப் போயிருப்பேன். கரடிகள் விட்டால்தானே!

ஐந்து நாள் ஃபோன் அடிக்கவே இல்லை. ஆவுடையம்மாள் சீரியலை ஒரு கண்ணாலும் ஃபோனை ஒரு கண்ணாலும் பார்த்தாள். "டிவி நல்லா ஓடுதுன்னு ஒரு ஃபோன் போட்டுச் சொல்லவா?" என்று கேட்டாள்.

"நல்லா ஓடுதுன்னு எவளாவது ஃபோன் பண்ணுவாளா? பிள்ள பயந்துரும்" என்றார் பூதலிங்கம்.

அங்கே வடிவுக்கும் ஏழு இருபத்தைந்து ஆனால் கை தானாக ஃபோனை எடுத்தது. கூப்பிட்டு என்ன கேட்பது? சாப்பிட்டியா என்று கேட்டால் ஆச்சு என்பாள், அதோடு தீர்ந்தது. அவளுக்கு அழுகை அழுகையாக வந்தது. சிறுத்தை மேனேஜரே, "என்னம்மா, புத்து சௌக்கியமா?" என்று விசாரித்துவிட்டுப் போனது.

ஒன்பதாம் நாள் வெள்ளிக்கிழமை. கிழங்கைத் திருடியது யார் என்று அன்றைக்குச் சொல்லப்போவதாக ஒரு வாரமாக டிவியில் அலறிக்கொண்டிருந்தார்கள். ஏழு நாற்பதுக்கு முயல் மாமியார் நெஞ்சில் கை வைத்து, "கிழங்க எடுத்தது..." என்று ஆரம்பித்தது. அந்த நேரம் பார்த்து இரண்டு மலைக்கு அந்தப் பக்கம் வடிவு தன் ஃபோனைத் தட்டி, டிவியின் சத்தத்தை நிறுத்தினாள். நிறுத்திவிட்டு, அம்மா கூப்பிடுவாள் என்று காத்திருந்தாள்.

இங்கே சத்தம் போனதும் சீரியலில் விளம்பரம் வந்தது. ஆவுடையம்மாள் சாவகாசமாக எழுந்து, டிவிக்குப் பின்னால் கையை விட்டு எதையோ இரண்டு தடவை அழுத்தினாள். சத்தம் திரும்ப வந்துவிட்டது.

பூதலிங்கம் வாயைப் பிளந்தார். "ஏட்டி, ஒனக்கு இதெல்லாம் எப்ப தெரியும்?"

"பழைய டிவியே மொத வாரத்துல எனக்கு அத்துப்படி."

"பின்ன எதுக்கு தெனமும் பிள்ளைக்கு ஃபோன் போட்ட?"

"நீங்க எதுக்கு தெனமும் மெயின அணைச்சிய?"

பூதலிங்கம் குகையின் கூரையைப் பார்த்தார்.

விளம்பரம் முடிந்தது. முயல் மாமியார் மறுபடியும் நெஞ்சில் கை வைத்தது. ஆவுடையம்மாள் திரையைப் பார்த்தாள், ஃபோனைப் பார்த்தாள். ஃபோனை எடுத்து வடிவை அழைத்தாள். மாமியார் குரல் மகள் காதில் விழுந்துவிடக் கூடாதே! புருஷனுக்குக் கண்ணைக் காட்டினாள். "கிழங்க எடுத்தது வேற யாருமில்ல..." என்ற இடத்தில் பூதலிங்கம் மெயினை அணைத்தார்.

"ஏட்டி வடிவு, டிவில சத்தமே வரலட்டி."

வடிவின் ஃபோனில் 'டிவி அணைக்கப்பட்டுள்ளது' என்று பளிச்சென்று வந்து நின்றது. அதைக் கட்டைவிரலால் ஓரமாகத் தள்ளினாள்.

"அப்படியாம்மா? மொதல்ல புத்த அழுத்து."

"அழுத்துதேன். வரலியே."

"அப்பாவ மெயினப் பாக்கச் சொல்லு."

"அவரு மெயின்கிட்டதான் நிக்காரு."

"செரி, அது கெடக்கட்டும். அப்பாவுக்கு முட்டிவலி எப்படி இருக்கு?"

பேச்சு ஒன்றரை மணி நேரம் ஓடியது. கிழங்கைத் திருடியது யார் என்று காடு முழுக்கத் தெரியும். அந்தக் குகையில் மட்டும் இன்றுவரை தெரியாது.

நீதி: பெற்றவர்களுக்கு டிவி வாங்கப் போனால், எத்தனை வருஷம் உழைக்கும் என்று கேட்காதீர்கள், வாரத்துக்கு எத்தனை தடவை மக்கர் பண்ணும் என்று கேட்டு வாங்குங்கள்.