கரும்படிகத்தை மின்ன வைத்தவர் யார்

மார்ச் 19, செவ்வாய், முற்பகல்

பெருமதிப்பிற்குரிய இளைய சகலை அவர்களுக்கு,

இங்கு யாவரும் நலம். தங்கள் நலமும், தங்கள் துணைவியார் நலமும், தங்களுக்குப் புதிதாக வந்து சேர்ந்திருக்கும் புகழின் நலமும் அறிய ஆவல்.

கடந்த ஜனவரி 9ஆம் தேதி, அதுவும் செவ்வாய்தான், தாங்கள் சாப்பிடச் சென்றிருந்த வேளையில் நான் தங்கள் ஆய்வகத்துக்கு வந்தேன். ஓய்வு பெறும்வரை அதே கட்டடத்தில் ஒளியியல் பிரிவை நடத்தியவன் என்பதால் காவலர் என்னைத் தடுப்பதில்லை. மேசைமீது தங்கள் கரும்படிகம் இருந்தது. அலோகமான அந்தச் சேர்மம் எவ்வளவு அழுத்தினால் உலோகமாகிறது என்பதை, அதன்மேல் ஒளியைப் பாய்ச்சித் திரும்பி வருவதை அளந்து கண்டறியத் தாங்கள் படும் பாட்டை அறிவேன். உலோகமாகிவிட்டால் ஒளி பளிச்சென்று திரும்பும், இல்லையேல் மங்கும், அவ்வளவுதானே. ஆனால் இப்படி அழுக்கு முகத்தோடு உட்கார வைத்தால் ஒளி எப்படி ஒழுங்காகத் திரும்பும்? மனம் பொறுக்காமல் மெருகுத்தூளைத் தொட்டு நான்கு தேய் தேய்த்தேன். கரியாய்க் கிடந்தது பொன்னாய் மின்னியது. அதாவது, தங்கள் அழுத்தக் கருவி தொடும் முன்பே என் கட்டைவிரல் அழுத்தத்துக்கே அது உலோகமாகிவிட்டது. தாங்கள் வந்து, லேசாக அழுத்தி, ஒளி பாய்ச்சி, "ஆயிடுச்சு, ஆயிடுச்சு" என்று குதித்தபோது நான் கதவருகில்தான் நின்றேன். கேட்பீர்கள் என்று காத்திருந்தேன். ஏன்டா நிக்கிறேன்னு ஒருத்தரும் கேக்கலை.

வீட்டிலோ என் மனைவி, "தங்கச்சி வீட்டுக்காரர் பேரு பத்திரிகையில வரப்போகுதாம். நீங்களும் அதே கட்டடத்துலதான் இருந்தீங்க" என்கிறாள். "அதைத் தேய்ச்சதே நான்தான்" என்றேன். "அப்ப நம்ம குக்கரையும் கொஞ்சம் தேய்ங்க, மின்னுதான்னு பாப்போம்" என்றாள். இதுக்கு மேல ஒரு மனுஷன் என்னதான் பண்றது, சொல்லுங்க.

ஆகவே தாங்கள் பத்திரிகைக்கு அனுப்பியிருக்கும் கட்டுரையில் என் பெயர் முதலிலும் தங்கள் பெயர் அதன் கீழும் வர வேண்டும். தவறினால் பத்திரிகைக்கு நானே எழுத நேரிடும்; பொறாமையால் அன்று, வரலாறு பிழையாகிவிடக் கூடாதே என்பதால்.

குழந்தைகளுக்கு என் ஆசிகள். தங்களுக்கும் ஆசி கூறும் வயது எனக்கு உண்டு. மனம்தான் இன்னும் வரவில்லை.

இப்படிக்கு,
மூத்த சகலை

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில், தங்கள் துணைவியார் அக்காளிடம் தொலைபேசியில் அழுதது காதில் விழுந்தது. கட்டுரை பத்திரிகையிலிருந்து திரும்பி வந்துவிட்டதாமே. படிகத்தின் மேல்தோல் மட்டுமே உலோகம், உள்ளே இன்னும் கரிதான், எவரோ தேய்த்துக் கெடுத்ததால் அளந்ததெல்லாம் வீண் என்கிறார்களாமே. மேலே 9 என்று குறித்த தேதியில் எனக்குச் சற்று ஐயம் உண்டு. 10 ஆகவும் இருக்கலாம். 10ஆம் தேதி நான் வெளியூரில் இருந்தேன்.